ரேஸிங் கேமுக்கு ஸ்டீயரிங் வீல்: வாங்கும் முன்பும் வாங்கிய பிறகும் வரும் கேள்விகள்

எட்டு வருடமாக வீலும் பெடலும் வைத்துத்தான் ரேஸிங் கேம் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது மூன்றாவது வீல். முதலாவது வெறும் ஸ்பிரிங் வைத்தது, இரண்டாவது கியர் வீல், இது டைரக்ட் டிரைவ். வாங்கலாமா என்று யோசிப்பவர்களும், வாங்கிவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைக்குச் செலவு செய்வதற்கு முன்னால் காலுக்கும், வீலைப் பிடித்து நிறுத்தும் சட்டத்துக்கும் செலவு செய்யுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து இரண்டு வருடத்தை வீணாக்கினேன்.

கேம்பேடில் ஓட்டுவதைவிட வீலில் வேகமாக ஓட்ட முடியுமா?

முதல் சில வாரங்களுக்கு முடியாது. கேம்பேடில் கட்டைவிரல் நகர்வது ஒரு சென்டிமீட்டர் அளவுதான், அதை வைத்து ஒரு காரைத் திருப்ப முடிகிறது என்றால் பின்னால் கேம் நிறைய உதவுகிறது என்று அர்த்தம். நீங்கள் ஸ்டிக்கைச் சடாரென்று தள்ளினாலும் பெரும்பாலான கேம்கள் சக்கரத்தை மெதுவாகவே திருப்பும், வேகம் கூடக்கூடத் திருப்பும் அளவையும் குறைத்துக்கொள்ளும். வீலை மாட்டியதும் இந்த உதவி போய்விடும், திருப்பியது திருப்பியதுதான். அதனால் முதல் நாள் நாலைந்து முறை சுழன்று புல்லுக்குள் போனால் மனம் தளராதீர்கள். பழகிய பிறகு கிடைப்பது ஒரு சீர்மை. பத்து லேப் (பாதையின் ஒரு முழுச் சுற்றுதான் லேப்) ஓட்டினால் பத்தும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடியும், பின்பக்கம் நழுவ ஆரம்பிக்கும்போதே கை தானாகத் திருத்திவிடும். லேப் நேரம் மட்டும்தான் வேண்டும் என்றால் கேம்பேடிலேயே மிக வேகமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுகிற உணர்வு வேண்டும் என்றால் வீல்தான்.

எல்லா கார் கேமுக்கும் வீல் பொருந்துமா?

பொருந்தாது. நீட் ஃபார் ஸ்பீட் மாதிரி சறுக்கிக்கொண்டே போகும் ஆர்கேட் கேம்களுக்குக் கேம்பேடே நல்லது, அவை அதற்காகவே செய்யப்பட்டவை. அசெட்டோ கோர்ஸா, அசெட்டோ கோர்ஸா காம்பெடிஸியோனே, ஐரேஸிங், டர்ட் ராலி 2.0, கிரான் டூரிஸ்மோ 7 போன்றவற்றில்தான் வீலின் அருமை தெரியும். அப்புறம் யூரோ டிரக் சிமுலேட்டர் 2. 2012இல் வந்த கேம், ரேஸே கிடையாது, லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போவது மட்டும்தான், ஆனால் வீல் வாங்கியவர்கள் பலர் மணிக்கணக்காக உட்காருவது அதில்தான். புது வீலோடு பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஃபோர்ஸ் ஃபீட்பேக் என்பது அதிர்வுதானே?

இல்லை, இரண்டும் வேறு வேறு. கேம்பேடில் இருப்பது அதிர்வு, புல்லில் ஏறினால் கிர்ரென்று நடுங்கும், அவ்வளவுதான். ஃபோர்ஸ் ஃபீட்பேக் வீலுக்குள் இருக்கும் மோட்டார் உங்கள் கையை எதிர்த்தே திருப்புகிறது, எந்தப் பக்கம், எவ்வளவு பலமாக என்பதை கேம் நொடிக்குப் பலமுறை கணக்குப் போட்டு அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

நிஜக் காரில் திருப்பத்தில் பிடியைத் தளர்த்தினால் வீல் தானாக நேராக வரப் பார்க்கும் அல்லவா? அதற்கு ஒரு காரணம் டயரில் இருக்கிறது. டயர் தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டு விசை சரியாக நடுவில் விழாமல் கொஞ்சம் பின்னால் தள்ளி விழுகிறது, அந்தச் சிறு தூரம்தான் சக்கரத்தை நேராக்கும் முறுக்கைக் கொடுக்கிறது. டயர் பிடியின் எல்லையை நெருங்கும்போது விசை விழும் இடம் முன்னால் நடுவை நோக்கி நகர்ந்துவிடும், முறுக்கு குறையும், வீல் லேசாகிவிடும். முன்டயர் வழுக்கப் போகிறது என்பதைக் கண்ணுக்கு முன்னால் கை தெரிந்துகொள்வது இப்படித்தான். நூற்றுக்கணக்கான தடவை ஓட்டிய ஒரு திருப்பத்தில் முதல்முறை வீல் என் கையில் லேசானதை உணர்ந்தபோது ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அத்தனை நாள் அந்தத் திருப்பத்தில் தேவைக்கு மேல் திருப்பி, டயரைத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஸ்பிரிங் வைத்த வீலில் இது எதுவும் இருக்காது. பனியில் போனாலும் தார்ச்சாலையில் போனாலும் ஒரே மாதிரி நடுவுக்கு இழுக்கும். அதை வாங்குவதற்குக் கேம்பேடிலேயே இருந்துவிடலாம்.

கியர், பெல்ட், டைரக்ட் டிரைவ்: எதை வாங்குவது?

மோட்டாரின் சுழற்சி உங்கள் கைக்கு வந்து சேரும் வழிதான் வித்தியாசம். கியர் வீலில் பல்சக்கரங்கள் வழியாக வரும். லாஜிடெக் ஜி29, எக்ஸ்பாக்ஸுக்கான ஜி920 இரண்டும் 2015இல் வந்தவை, இன்னும் பலர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அத்தனை உறுதி. விசை சுமார் 2 நியூட்டன் மீட்டர், வீல் எவ்வளவு பலமாக முறுக்குகிறது என்பதன் அளவு அது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இருக்கும் சிறு இடைவெளியால் நடுப்பகுதியில் கொஞ்சம் உயிரில்லாமல் இருக்கும், கரடுமுரடான பாதையில் கடகடவென்று சத்தம் போடும். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 போன்ற பெல்ட் வீல்கள் வழுவழுப்பாகவும் அமைதியாகவும் திரும்பும், ஆனால் பெல்ட்டின் ரப்பர் சின்னச் சின்ன விவரங்களைக் கொஞ்சம் விழுங்கிவிடும், நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் சூடாகி விசை குறைவதும் உண்டு.

டைரக்ட் டிரைவில் இடையில் எதுவுமே இல்லை, மோட்டாரின் தண்டிலேயே வீலை மாட்டியிருப்பார்கள். முன்பு இது பெரும் செலவு பிடிக்கும் விஷயம், 2021இல் ஃபனடெக் சிஎஸ்எல் டிடி வந்த பிறகு நிலைமை மாறியது. அது 5 நியூட்டன் மீட்டர், பெரிய பவர் சப்ளை போட்டால் 8. மோஸா ஆர்5 என்பது 5.5. கையில் காசு இருந்து, இந்த ஆர்வம் நிலைக்கும் என்று தெரிந்தால் இந்த அளவிலேயே தொடங்கலாம். நிலைக்குமா என்று தெரியாதவர்களுக்கு யாரோ பயன்படுத்திய கியர் வீல் ஒன்று போதும், அதில் கற்றுக்கொள்ள வேண்டியதே ஒரு வருடத்துக்கு இருக்கிறது.

எத்தனை நியூட்டன் மீட்டர் வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு 5 முதல் 8 வரை தாராளம். விசையை முழுவதும் ஏற்றி வைத்தால்தான் நிஜம் போல இருக்கும் என்று நினைப்பது தவறு. கேம் கேட்கும் விசை மோட்டாரால் கொடுக்க முடிந்ததைத் தாண்டினால் அதற்கு மேல் எல்லாம் ஒரே அளவாகத் தட்டையாகிவிடும், கிளிப்பிங் என்பார்கள். அந்த நிலையில் வேகமான திருப்பத்தில் கல்லைப் பிடித்த மாதிரி இருக்கும், மேலே சொன்ன லேசாகும் உணர்வு காணாமல் போகும். பல கேம்களில் இதைக் காட்டும் சிறு பட்டை இருக்கிறது. நீளமான வேகத் திருப்பத்தில் அது உச்சியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கேமுக்குள் விசையைக் குறையுங்கள். கை வலியும் குறையும்.

பெடலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஏனென்றால் லேப் நேரம் பெரும்பாலும் பிரேக்கில்தான் போகிறது. எந்த இடத்தில் மிதிக்கிறோம், எவ்வளவு மிதிக்கிறோம், அதைவிட முக்கியமாக எப்படி விடுகிறோம். திருப்பத்துக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போனால் காரின் எடை முன்டயர்களில் தங்கியிருக்கும், மூக்கு எளிதாகத் திரும்பும். சட்டென்று விட்டால் எடை பின்னால் போய்விடும், எவ்வளவு திருப்பினாலும் கார் நேராகவே போகப் பார்க்கும். எவ்வளவு விலை உயர்ந்த வீலும் இதைச் சரி செய்யாது.

விலை குறைந்த செட்களின் பிரேக்கில் பொட்டென்ஷியோமீட்டர் என்ற பாகம் இருக்கும், பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை அளக்கும். லோட் செல் பிரேக் எவ்வளவு அழுத்தம் என்பதை அளக்கும். நிஜக் காரின் பிரேக் பெடல் கொஞ்ச தூரம் போனதும் கெட்டியாகிவிடும், அதற்கு மேல் அழுத்தம்தான் பேசும். நம் காலுக்கு மூன்று சென்டிமீட்டருக்கும் மூன்றரைக்கும் வித்தியாசம் சொல்ல வராது, ஆனால் அழுத்தம் நன்றாக நினைவிருக்கும். நான் கியர் வீலையே வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் லோட் செல்லுக்கு மாற்றியபோது ஒரே வாரத்தில் எனக்கு வந்த முன்னேற்றம், பின்னால் டைரக்ட் டிரைவ் வாங்கியபோது வரவில்லை.

இன்னொன்று. உங்கள் பிரேக் கெட்டியாக இருந்து முழு அழுத்தம் வரவில்லை என்றால் பெடலோடு மல்லுக்கட்ட வேண்டாம். நீங்கள் வசதியாக மிதிக்கும் அளவையே 100 சதவீதமாக எடுத்துக்கொள்ளும்படி பெடல் மென்பொருளிலோ கேமிலோ பல இடங்களில் மாற்றலாம். இடதுகாலை பிரேக்குக்குப் பழக்குங்கள், முதல் சில நாள் அந்தக் கால் நன்றாகச் சொதப்பும், அப்புறம் வலதுகாலை மாற்றி மாற்றி வைக்கிற நேரம் மிச்சம்.

சாதாரண மேசையில் மாட்டலாமா?

கியர், பெல்ட் வீல்களோடு வரும் கிளாம்ப் அதற்குத்தான். மேசைப் பலகை கனமானதாக, ஆடாததாக இருக்க வேண்டும். ஆடினால் மோட்டார் கொடுக்கும் விசையில் ஒரு பகுதி மேசையை ஆட்டவே செலவாகிவிடும். டைரக்ட் டிரைவ் என்றால் மெல்லிய பலகை மேசையை மறந்துவிடுங்கள், பலகை வளையும், பிளக்கவும் செய்யும்.

மேசையைவிடப் பெரிய பிரச்சினை நாற்காலி. உருளும் நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தால் கார் நிற்கும் முன் நீங்கள் பின்னால் போய்விடுவீர்கள். உருளைகளைக் கழற்றலாம், அல்லது நாற்காலியையும் பெடலையும் ஒரு பட்டையால் இணைத்துக் கட்டலாம், பட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பெடல் தரையில் வழுக்கினால் அதன் பின்பக்கம் சுவரில் முட்டும்படி ஒரு கட்டை கொடுங்கள். லோட் செல் வாங்கிவிட்டு இதைச் செய்யாமல் விட்டால் வாங்கியதே வீண்.

மடித்து வைக்கும் வீல் ஸ்டாண்ட் அடுத்த படி, இருக்கையும் சேர்ந்த காக்பிட் அதற்கும் அடுத்தது. அலுமினியப் பட்டைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் காக்பிட்டில் கூட்டலாம், குறைக்கலாம், அடுத்த வீலுக்கும் போல்ட்டுகளை நகர்த்தி மாட்டலாம். வீல் மாறும், மோட்டார் மாறும், இந்தச் சட்டம் அப்படியே இருக்கும். அதனால்தான் இதற்கு முதலில் செலவழிக்கச் சொல்கிறேன்.

பிளேஸ்டேஷனுக்கு வாங்கிய வீல் எக்ஸ்பாக்ஸில் வேலை செய்யுமா?

பொதுவாகச் செய்யாது. கன்சோல்கள் தங்கள் அனுமதி பெற்ற சாதனங்களை மட்டும்தான் ஏற்கும். ஜி29 பிளேஸ்டேஷனிலும் கணினியிலும் ஓடும், எக்ஸ்பாக்ஸில் ஓடாது. ஜி920 எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் ஓடும், பிளேஸ்டேஷனில் ஓடாது. கணினி கிட்டத்தட்ட எதையும் ஏற்றுக்கொள்ளும், பெடல் ஒரு கம்பெனி, வீல் ஒரு கம்பெனி என்று கலந்தும் வைக்கலாம். கன்சோலில் அந்தச் சுதந்திரம் குறைவு. பெட்டியின் மேல் உங்கள் கன்சோலின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

900 டிகிரி வைக்க வேண்டுமா?

வீல் ஒரு கடைசியிலிருந்து மறுகடைசிவரை மொத்தம் எவ்வளவு திரும்பும் என்பதுதான் இந்த எண், அது காரைப் பொறுத்தது. சாதாரணச் சாலைக் காருக்கு 900, ஜிடி ரேஸ் காருக்கு சுமார் 500, ஃபார்முலா 1 காருக்கு 360 அளவு. வீலின் மென்பொருளில் அதிகபட்சத்தை வைத்துவிட்டால் நல்ல கேம்கள் காருக்கு ஏற்றபடி தாங்களே குறைத்துக்கொள்ளும். சரி பார்க்க எளிய வழி: திரையில் தெரியும் டிரைவரின் கையும் உங்கள் கையும் ஒரே அளவு திரும்புகின்றனவா என்று பாருங்கள்.

ஆன் செய்ததும் வீல் தானாக இரு பக்கமும் சுற்றுகிறதே?

கியர், பெல்ட் வீல்கள் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கச் சுற்றுகின்றன. அப்போது கையை வைக்காதீர்கள், தடுத்தால் நடு தவறிவிடும், கார் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். அப்படி ஆனால் யுஎஸ்பியைக் கழற்றி மீண்டும் மாட்டினாலே சரியாகிவிடும்.

நேர்சாலையில் கையை எடுத்தால் வீல் இடமும் வலமும் ஆடுகிறது. பழுதா?

இல்லை. மோட்டார் நடுவுக்குத் தள்ளுகிறது, வீலின் எடையால் அது நடுவைத் தாண்டிப் போகிறது, கேம் அதைப் பார்த்துத் திருப்பித் தள்ளுவதற்குள் கண நேரத் தாமதம், அப்படியே ஊசலாட ஆரம்பிக்கிறது. வீலை லேசாகப் பிடித்திருந்தாலே நிற்கும். நிற்காவிட்டால் டாம்பிங் என்ற அமைப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள், அதிகம் கூட்டினால் சேற்றுக்குள் திருப்புவது போல் ஆகிவிடும்.

மிதிக்காமலே பிரேக் பிடிக்கிறது, ஆக்ஸிலரேட்டர் குதிக்கிறது. என்ன செய்வது?

பொட்டென்ஷியோமீட்டரில் தூசி படிந்திருக்கும். என்னுடைய இரண்டாவது வீலில் ஒரு வருடத்துக்கு மேல் ஆனதும் இது வந்தது. ரேஸ் நடுவில் பிரேக் தானாகப் பிடித்து, பின்னால் வந்தவர் என்மேல் ஏறிவிட்டார், அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அன்றே பெடலைப் பிரித்தேன். மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யும் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் அடித்து, பெடலைப் பலமுறை மிதித்து விட்டால் பெரும்பாலும் சரியாகும். எண்ணெய் கலந்த ஸ்ப்ரே வேண்டாம், அது இன்னும் தூசியைப் பிடித்து வைக்கும். காந்தத்தால் அளக்கும் ஹால் சென்சார் பெடல்களில் உரசும் பாகம் இல்லாததால் இந்தத் தொல்லை வராது. வாரண்டி இருக்கும்வரை பிரிக்காதீர்கள்.

பழைய வீல் வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

வாங்கலாம். ஆனால் மின்சாரத்தில் மாட்டி ஓடுவதைக் கண்ணால் பாருங்கள். தானாகச் சுற்றி முடித்ததும் நேராக நிற்கிறதா, ஒரு பக்கக் கடைசியிலிருந்து மறுபக்கக் கடைசிவரை மெதுவாகத் திருப்பினால் எங்காவது சிக்குகிறதா, கியர் மாற்றும் துடுப்புகள் இரண்டும் ஒவ்வொரு தடவையும் பதிகின்றனவா. கணினியில் பெடலின் அளவு காட்டும் பட்டையைத் திறந்து வைத்து மிக மெதுவாக மிதியுங்கள், பட்டை நடுங்காமல் ஏற வேண்டும். சில பழைய கியர் வீல்களில் மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் வட்டு விரிசல் விட்டு, ஓட்ட ஓட்ட நடு விலகிக்கொண்டே போகும், அதனால் பத்து நிமிடமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பவர் அடாப்டரும் அசலாக இருக்கட்டும்.

ஷிஃப்டர், ஹேண்ட்பிரேக் எல்லாம் தேவையா?

ராலி ஓட்டினால் ஹேண்ட்பிரேக். பழைய கார்களையும் லாரியையும் விரும்பினால் கிளட்சோடு ஷிஃப்டர், அதாவது கையால் கியர் மாற்றும் தண்டு. மற்றவர்களுக்கு வீலின் பின்னால் இருக்கும் துடுப்புகளே போதும்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவாக இருக்குமா?

வீலின் சத்தம் அறையைத் தாண்டாது. பெடலை ஓங்கி மிதிக்கும் சத்தம் தரை வழியாகக் கீழ்வீட்டுக்குப் போகும். பெடலுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள், இரவில் ராலி வேண்டாம்.

மணிக்கட்டும் தோளும் வலிக்கின்றன.

இறுக்கிப் பிடிக்கிறீர்கள், அல்லது வீல் தூரமாக இருக்கிறது. முதுகை இருக்கையில் ஒட்டி, கையை நேராக நீட்டினால் மணிக்கட்டு வீலின் உச்சியில் படும் தூரம்தான் சரி. டைரக்ட் டிரைவ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பழகுங்கள்: சுவரில் மோதப் போவது தெரிந்துவிட்டால் வீலை விட்டுவிடுங்கள். கட்டைவிரலைக் கம்பிக்குள் சுற்றிக்கொண்டிருந்தால் சட்டென்று சுழலும் வீல் விரலைத் திருகிவிடும். குழந்தைகளை உட்கார வைக்கும்போது விசையை மிகக் குறைத்து வைத்து, பக்கத்திலேயே நில்லுங்கள்.

திரை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

பெரிதைவிடப் பக்கம் முக்கியம். வீலுக்குப் பின்னாலேயே ஒட்டி வையுங்கள். திரையின் அகலத்தையும் கண்ணிலிருந்து அதன் தூரத்தையும் வைத்துப் பார்வைக் கோணத்தைக் கணக்கிட்டுக் கேமில் போடுங்கள். முதலில் எல்லாம் மெதுவாகப் போவது போலவும், குழாய் வழியாகப் பார்ப்பது போலவும் தெரியும். இரண்டு நாளில் பழகிவிடும், பிரேக் போடும் இடத்தைத் தவறவிடுவது குறையும்.

இதில் ஓட்டினால் நிஜக் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாமா?

சாலையில் ஓட்டுவதற்கு இது பயிற்சியல்ல, கண்ணாடி பார்ப்பதையும் எதிரே வருபவர் மனதை ஊகிப்பதையும் ரேஸ் கேம் சொல்லித் தராது. ரேஸ் ஓட்டுவதற்கு உதவும் என்பதற்குச் சான்று இருக்கிறது. நிசானும் பிளேஸ்டேஷனும் நடத்திய ஜிடி அகாடமி என்ற போட்டியின் முதல் வெற்றியாளர் ஸ்பெயினின் லூகாஸ் ஓர்டோன்யெஸ். கிரான் டூரிஸ்மோ ஆடித் தேர்வானவர், 2011இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த அணியில் ஓட்டினார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து ஓட்டும்போது உடம்பில் எந்த விசையும் இறங்குவதில்லை. நிஜக் கார் நழுவுவதை இடுப்பு முதலில் சொல்லும், இங்கே கையும் கண்ணும் காதும்தான்.

வாங்கி இரண்டு மாதத்தில் மூலையில் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

போட்டுவிட்டவர்களை விசாரித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்தான் சொல்வார்கள், ஒவ்வொரு முறையும் மேசையில் மாட்டி, வயர் இழுத்து, பெடலைச் சுவரோரம் தள்ளி, விளையாடி முடித்ததும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருந்தது என்று. பதினைந்து நிமிடம் மாட்டுவதற்கே போனால் யார்தான் உட்காருவார்கள்? அறையில் ஒரு மூலையை ஒதுக்கி வீலை மாட்டியபடியே விட்டு வைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் பெடலோடு சேர்த்து அப்படியே மடிந்து கதவுக்குப் பின்னால் நிற்கும் ஸ்டாண்டாக வாங்குங்கள், என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வைத்திருக்கிறார், விரித்து உட்கார அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.